சின்ன வீட்டுக்கும் பிளான் வேண்டுமா?



இம்முறை எமது பாடம் வீடு கட்டும் அனுமதியைப் பற்றியது. லயங்களுக்கும் புதிய வீட்டுத் தொகுதிகளுக்கும் நாங்கள் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. "ரெண்டு காம்பரா, ஒரு குசினி. இந்தச் சின்ன வீட்டுக்குப் போயி எதுக்குங்க பிரதேச சபையில பிளான் பாஸ் பண்ணணும்? தொரைதான் சரின்னுட்டாரே!"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். அனுமதி வேண்டும். ஆனால் இப்போது எடுப்பதுபோல நாலைந்து நாள் பேரை இழந்து, ஆபிஸ் ஆபிஸாக ஏறி இறங்கித்தான் அதை எடுக்க வேண்டுமா என்றால், அப்படி வேண்டியதில்லை என்பது எமது கருத்து. இந்த இரண்டையும் சேர்த்தே இன்று படிப்போம்.

முதலில், இந்தப் பழக்கம் ஏன் நம்மிடம் இல்லை என்று பார்க்க வேண்டும். நம் பாட்டன், பூட்டன் காலத்தில் லயத்தைத் தோட்டம் கட்டியது. குடியிருப்பவரிடம் யாரும் பிளான் காட்டவில்லை. வீடு, நகர மேம்பாட்டுக்கான கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1915 ஆம் ஆண்டிலேயே வந்தது. உள்ளூராட்சி சபை எல்லைக்குள் கட்டடம் கட்டுகிறவர் சபையின் எழுத்து அனுமதியைப் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. தோட்டத்துக்கு உள்ளே அது பெரும்பாலும் எட்டிப் பார்க்கவில்லை. பின்னர் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும் அதன் 33 ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை செலவு செய்வதற்குத் தடையாகவே இருந்தது. வாக்குப் போட்டோம், உறுப்பினரை அனுப்பினோம், ஆனால் லயத்துக்கு முன்னால் இருக்கிற கானைச் செப்பனிடவும் சபைக்குக் கை நீளவில்லை. அந்தப் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. ஆகவே சபை நமக்கும் உரிய இடம் என்பது இன்னும் பத்து வருடத்துப் பழக்கம்கூட ஆகாத விஷயம். பலருக்கு சபையின் வாசற்படி எந்தப் பக்கம் என்றே தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நாங்கள் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா. மகன் கொழும்பில் கடையில் வேலை. மகன் கல்யாணத்துக்கு முன் வீட்டின் பின்னால் ஒரு குசினியும் ஒரு காம்பராவும் இறக்க ஆசைப்பட்டார்கள். குறுக்கு வழி தேடாமல் முறைப்படி விண்ணப்பம் வாங்கினார்கள். முதல் முறை போனபோது நில அளவைப் படம் இல்லை என்று திருப்பினார்கள். இரண்டாம் முறை உரிய உத்தியோகத்தர் லீவு. மூன்றாம் முறை தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தில் ஏதோ ஒரு வசனம் குறைந்தது. நாலாம் முறை மண்சரிவு அறிக்கை எங்கே என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்! ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் பேர் போயிற்று, பஸ் காசும் போயிற்று. கடைசியில் மகன் சொன்னான்: "விடுங்கம்மா, எல்லாரும் கட்டுற மாதிரி நாமளும் கட்டுவோம்." பின்பக்க மண்மேட்டை ஆறடி நேராக வெட்டி, சுவரை எழுப்பி, தகரத்தைப் போட்டார்கள். அடுத்த பெருமழையில் மேடு குசினிக்குள் இறங்கியது. பகல் நேரம், எல்லோரும் மலையில். சட்டி பானையும் அம்மிக்கல்லும் மண்ணுக்குள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து அனுமதியில்லாத கட்டடம் என்று ஒரு கடிதமும் வந்தது.

இதில் யாருடைய குற்றம் என்று கேட்டால், மேட்டை வெட்டியது குற்றம்தான். ஆனால் வெட்ட வைத்தது அந்த நாலு நடை. அனுமதி எடுப்பது கஷ்டமாக இருக்க இருக்க, அனுமதி இல்லாத சுவர்கள் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் 'இலகுவாக்குங்கள்' என்று கேட்கிறோம். சலுகை கேட்பதாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு அனுமதிகள், இரண்டு கதவுகள்

நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் இடம் இது. தொரை தருவது நிலத்தைப் பயன்படுத்த நிர்வாகத்தின் சம்மதம். சபை தருவது அந்த நிலத்தில் இப்படி ஒரு கட்டடத்தைக் கட்டலாம் என்ற அனுமதி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசாங்கத்தினுடையது. 1992 இல் அமைக்கப்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. ஆகவே தொரையின் வாய்ச்சொல் எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும் சபையின் கோப்பில் அதற்கு இடமில்லை. எழுத்தில் வாங்குங்கள், திகதியும் முத்திரையும் இருக்கட்டும். உறுதிப்பத்திரம் கிடைத்த குடும்பங்கள் அதன் பிரதியையும், பத்திரத்தோடு வந்த நில அளவைப் படத்தின் பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பெட்டிக்கு அடியில் வைத்துக் கறையான் தின்ற பத்திரங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

மலையைக் கேட்காமல் கட்டாதீர்கள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டடம் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ளது. 'என்.பி.ஆர்.ஓ. லெட்டர்' என்று ஆபிஸில் சொல்வது இதைத்தான். இந்தக் கடிதம் ஒரு தொல்லை என்று நினைப்பவர்கள் மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். கொஸ்லாந்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று அதற்குமுன் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் சனங்கள் போவதற்கு மாற்று வீடு இருக்கவில்லை. மிஞ்சியவர்களுக்குப் புதிய வீடு கையில் கிடைக்க 2016 அக்டோபர் ஆயிற்று. அதன்பின் 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மழை மலைநாட்டில் செய்ததை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மேட்டை வெட்டினால் ஏன் சரிகிறது? மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்வாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிமூட்டையை உருவினால் என்ன ஆகும்? மலையின் அடிமண்தான் மேல்மண்ணைத் தாங்கி நிற்கிறது. வீட்டுக்கு இடம் பிடிக்க நாம் வெட்டுவது அந்த அடிமண்ணை. வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதன்மேல் இஸ்தோப்பைக் கட்டுவது அடுத்த தவறு. கொட்டிய மண் மழையில் ஊறித் தாழும், சுவர் பிளக்கும். வெட்டித்தான் ஆகவேண்டிய இடத்தில் எவ்வளவு உயரம் வெட்டலாம், தாங்குசுவர் வேண்டுமா, எங்கே கான் போக வேண்டும் என்று அறிக்கையில் எழுதித் தருவார்கள். தாங்குசுவர் கட்டினால் அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் விட வேண்டும். 'ஓட்டை விட்டா சுவர் பலம் கொறஞ்சிடும்' என்று சில மேசன்மார் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். ஓட்டையை அடைக்க விடாதீர்கள்.

வீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான் வெட்டி, மழைத் தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுவதும் முக்கியம். தேயிலை மலையில் கான் வெட்டி அதில் சேறு அள்ளுவது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த வேலையையே நம் வீட்டுக்கு மேலேயும் செய்தால் சரி.

கட்டி முடித்த வீட்டிலும் கண் வேண்டும். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரங்கள் ஒரு பக்கம் சாய்வது, கதவு திடீரென்று இறுகிப்போவது, பீலித் தண்ணீர் சேறாக வருவது அல்லது ஒரேயடியாக நின்றுவிடுவது, இவை எல்லாம் அறிகுறிகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், அதாவது 3 அங்குலம், மழை பெய்தால் விழிப்பாக இருங்கள். 100 மில்லிமீற்றர் என்றால் வெளியேறத் தயார். 150 மில்லிமீற்றர், அல்லது ஒரு மணித்தியாலத்தில் மட்டும் 75 என்றால் சரிவு அபாயமுள்ள இடத்தில் ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது. மழை அளக்கும் கருவி பல தோட்டங்களில் ஸ்டோரிலோ ஆபிஸிலோ இருக்கிறது. கொழுந்துக் கணக்குக்காக எழுதும் அந்த மழைக் கணக்கை மழை நாட்களில் லயத்துக்கும் சொல்லிவிடும்படி ஐயாமாரைக் கேளுங்கள்.

ஏழு பேர்ச்சில் என்னென்ன அடங்கும்?

ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,905 சதுர அடி. 38 அடி அகலம், 50 அடி நீளமுள்ள ஒரு துண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் இப்போது வழக்கத்திலுள்ள 550 சதுர அடி வீடு, 22க்கு 25 என்று நிற்கிறது. முன்னால் 10 அடி விட்டால், வீடு 25 அடி, பின்னால் 15 அடி மிஞ்சும். நிறைய இடம் போலத் தெரியும். இப்போது பின்னால் 8 அடிக்குக் குசினி இறக்கினால் மிஞ்சுவது 7 அடி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் இரண்டு தட்டு வரையான வீட்டுக்குப் பின்பக்கம் விடச் சொல்லும் வெளி 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி. அரை அடியில் விண்ணப்பம் திரும்பி வரும். குசினியை ஏழேகால் அடியாக்கினால் பாஸ். காகிதத்தில் கீறும்போது அரை அடியைத் திருத்த ஒரு அழிரப்பர் போதும். கல் வைத்த பிறகு திருத்துவதற்கு என்ன செலவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த வெளி எதற்கு என்றால், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும், மேடு இறங்கினால் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளிக்கும். வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. அறையின் தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு ஜன்னலாக இருக்க வேண்டும், அதில் பாதியாவது திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். 10க்கு 12 அடி லயத்துக் காம்பராவை எடுங்கள். 120 சதுர அடி. ஏழில் ஒரு பங்கு 17 சதுர அடி. நாலடிக்கு நாலடி ஜன்னல் வைத்தாலும் ஒரு சதுர அடி குறையும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. அடுப்புப் புகைக்குள் எத்தனை தலைமுறை இருமியிருக்கிறது! புதிய வீட்டிலும் 'குளிருது' என்று ஜன்னலைச் சின்னதாக வைப்பவர்களுக்காக இந்தக் கணக்கைச் சொன்னோம்.

மலசலகூடக் குழியைப் பற்றிச் சுருக்கமாக. கிணற்றுக்கும் ஊற்றுக்கும் குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். சரிவான இடத்தில் தூரம் மட்டும் போதாது, குழி ஊற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் குழிக்குக் கீழே யாருடைய பீலி இருக்கிறது என்றும் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பது இதற்காகத்தான். அவரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

நடையைக் குறைப்பது எப்படி?

சபையில் விண்ணப்பம் கொடுத்தபின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்ப்பார். சுகாதாரப் பரிசோதகரும் பார்ப்பார். பிறகு திட்டமிடல் குழு கூடி முடிவெடுக்கும். அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும், முடியாவிட்டால் நீடித்துக்கொள்ளலாம். கட்டி முடிந்தபின் பிளான்படிதான் கட்டியிருக்கிறது என்று இணக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கடனுக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் நடையில் விண்ணப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். என்னென்ன பத்திரம் வேண்டும் என்று முழுப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். உரிய உத்தியோகத்தர் எந்த நாளில் இருப்பார், திட்டமிடல் குழு அடுத்து எப்போது கூடும் என்றும் கேளுங்கள். குழு கூடிய மறுநாள் கொடுத்த விண்ணப்பம் அடுத்த கூட்டம் வரை தூங்கும். முந்திய வாரம் கொடுத்தால் ஒரு மாதம் மிச்சம். கட்டிய ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 'நான் முடிச்சித் தாரேன்' என்று வாசலில் நிற்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம்.

கடிதம் சிங்களத்தில் வந்து விளங்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு. தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. சபையில் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிக்க வேண்டாம், ஒரு தாளில் நாலு வரி போதும். அப்படிக் கேட்ட இரண்டு மூன்று குடும்பங்களின் கோப்பு சீக்கிரம் நகர்ந்ததை நாங்கள் கண்டோம்.

எல்லாவற்றையும்விட நடையைக் குறைப்பது கூட்டாகப் போவது. இருபது வீட்டுக்கு ஒரு புதிய தொகுதி கட்டும்போது இருபது குடும்பமும் தனித்தனியே ஓடுவதில்லை. இடம் முழுவதையும் ஒரே தரம் மண் பரிசோதிக்கிறார்கள், ஒரே நில அளவையாளர் துண்டு பிரிக்கிறார், ஒரே மாதிரிப் பிளானை எல்லோருக்கும் பயன்படுத்துகிறார்கள். கட்டிய பிறகு குசினி இறக்கும்போதுதான் ஆளுக்கொரு வழி. அதற்கும் முதல் முறையையே வைக்கலாமே? ஒற்றைத் தட்டு வீட்டுக்குப் பின்னால் குசினி, பக்கத்தில் ஒரு காம்பரா, மேலே இன்னொரு தட்டு போடுவதாக இருந்தால் அத்திவாரம் எப்படி என்று மூன்று நாலு மாதிரிப் பிளான்களைச் சபை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு சுவரில் ஒட்டி வைக்கட்டும். அந்த மாதிரியில் கட்டுபவருக்குப் புதிதாகப் படம் வரையும் செலவு இல்லை. துண்டு பிரிக்கும் நாளிலேயே எந்தத் துண்டில் எந்தப் பக்கம் நீட்டலாம், எந்தப் பக்கம் மேட்டைத் தொடவே கூடாது என்று மண் அறிக்கையில் எழுதிவிடட்டும். பிறகு உத்தியோகத்தர்கள் மாதத்தில் ஒரு நாள் தோட்டத்துக்கே வந்து, எல்லா விண்ணப்பங்களையும் ஒரே இடத்தில் பார்க்கட்டும். இருபது பேர் ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ பஸ் ஏறுவதைவிட ஒரு ஜீப் மேலே வருவது மலிவு.

இதைச் சபைகளிடமும் நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சில இடத்தில் நல்ல பதில், சில இடத்தில் 'பார்ப்போம்'. மண் பரிசோதனையையே எடுத்துவிடுங்கள் என்று எங்களிடம் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மட்டும் நாங்கள் உடன்படவில்லை. மற்றப் பத்திரங்களில் எதைக் குறைத்தாலும் சந்தோஷம்தான். மலையைப் பார்ப்பதைக் குறைக்க முடியாது.

வரும் மாதத்தில் இப்பாடத்தைப் பிள்ளைக்காம்பராவில் கூடிப் படிக்கும்போது, பின்னால் குசினி இறக்க நினைத்திருக்கும் குடும்பங்கள் ஒரு நூல்கயிறும் அளவுகோலும் கொண்டு வரட்டும். ஏதாவது ஒரு வீட்டின் பின்பக்கத்தை எல்லோரும் சேர்ந்து அளந்து, கொப்பித் தாளில் படம் கீறிப் பார்ப்போம். உங்கள் தோட்டத்தில் எத்தனை குடும்பம் இப்படிக் காத்திருக்கிறது என்ற பெயர்ப் பட்டியலை தலைவர்மாரும் மாதர் சங்கத்து அக்காமாரும் எழுதிக் கொடுத்தால், கூட்டு விண்ணப்பமாகச் சபைக்குக் கொண்டுபோக நாங்கள் கூட வருகிறோம்.